மலையேறிய சக்கரங்கள் – 7: இரண்டாகப் பிளந்த கார்

(சென்ற வாரம்: எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் எழுந்து, 1924இல் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்த கதையைப் பார்த்தோம். ரயில் நின்ற இடத்திலிருந்து தோட்டம் வரைக்கும் போகும் பாதைக்குத் தோதான சிறிய கார் எங்கே உருவானது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.)

1947ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஒக்ஸ்போர்ட் நகரை ஒட்டிய கௌலி மொரிஸ் தொழிற்சாலையில் ஒரு புதுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் அலெக் இஸிகோனிஸ். போர் நடந்துகொண்டிருந்த போதே தொடங்கிய வேலை அது. 'மொஸ்கிட்டோ' என்ற ரகசியப் பெயரில், ஜக் டேனியல்ஸ், ரெஜ் ஜொப் என்ற இரண்டு சகாக்களோடு வரைந்தும் அழித்தும் பல ஆண்டு பாடுபட்டு முடித்த கார். பம்பர்கள்கூடச் செய்து அடுக்கியாயிற்று. உற்பத்தியைத் தொடங்குவதுதான் பாக்கி.

அவருடைய கண்ணை மட்டும் ஏதோ உறுத்தியது. உயரத்துக்கு ஏற்ற அகலம் இல்லை. பக்கவாட்டில் நன்றாக இருந்த கார், முன்னால் நின்று பார்த்தால் ஒடுங்கித் தெரிந்தது. இன்னொரு வடிவமைப்பாளர் என்றால் அடுத்த மொடலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். இஸிகோனிஸ் மெக்கானிக்குகளைக் கூப்பிட்டார். காரை மூக்கிலிருந்து வால் வரை நடுவால் அறுத்துவிடச் சொன்னார்.

அறுத்தார்கள். தொழிற்சாலைத் தரையில் அரைக் கார் இரண்டு நின்றன. இனி என்ன செய்யப் போகிறார் இந்த மனிதர்?

●

பதிலுக்கு முன் அவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இஸிகோனிஸ் பிறந்தது 1906இல், அன்று ஸ்மிர்னா என்று வழங்கிய துறைமுக நகரில். இன்று அது துருக்கியின் இஸ்மீர். 1922இல் போர் ஊருக்குள் வந்தது, நகரம் எரிந்தது. கடற்கரையில் பல்லாயிரம் பேர் கப்பலுக்குத் தவித்து நின்றபோது இஸிகோனிஸ் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. காரணம், அவர்களிடம் பிரித்தானியக் குடியுரிமை இருந்தது. கப்பல் கொண்டுபோய்ச் சேர்த்த மோல்டாத் தீவிலேயே தகப்பனார் இறந்துபோனார். தாயும் மகனும் கையில் அதிகம் எதுவுமில்லாமல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஒரு நாட்டின் பிரஜை என்ற தகுதி அந்தப் பையனின் உயிரைக் காத்தது. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயத்தில் இது மறுபடியும் வரும்.

லண்டன் பற்றர்சீ பொலிடெக்னிக்கில் பொறியியல் படித்தார். கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றார். ஆனால் கை பேசியது, கண் பேசியது. 1933 வாக்கில் ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு பந்தயக் கார் செய்யத் தொடங்கினார். மின்சாரக் கருவி எதுவும் இல்லை. அரம், வாள், சுத்தியல், கைத்துரப்பணம் இவ்வளவுதான். ஒட்டுப்பலகையை அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வைத்து உடல் செய்தார்கள். இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பரை சஸ்பென்ஷனில் போட்டார்கள். என்ஜின் ஒஸ்டின் செவன் காருடையது. வேலைக்குப் போன நேரம் போக மிஞ்சிய பொழுதுகளில் உழைத்து, 1938இல் முடித்தார்கள். 'லைட்வெயிட் ஸ்பெஷல்' என்று பெயரிட்டு மலையேற்றப் பந்தயங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

மலையேற்றப் பந்தயம் நமக்குப் புதிதல்ல. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டப் பாதையில் 1930களிலேயே துரைமார் கார்களை விரட்டியிருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் வெறும் குதிரைவலு மட்டும் உதவாது. கார் கனம் குறைந்ததாக இருக்க வேண்டும். முன்சக்கரங்கள் சொன்ன சொல் கேட்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் பாதையை விடாமல் பிடிக்க வேண்டும். இரண்டு நண்பர்கள் கையால் செய்த பந்தயக் காரில் இஸிகோனிஸ் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். அந்தப் பாடத்தைத்தான் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய மலிவான காருக்குள் கொண்டுவரப் பார்த்தார்.

●

இனி அந்த இரண்டு பாதிகளுக்கு வருவோம். இஸிகோனிஸ் தள்ளி நின்றுகொண்டு, பாதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கச் சொன்னார். இன்னும், இன்னும் என்றார். கண்ணுக்குச் சரியாகப்பட்டதும் நிறுத்தச் சொன்னார். அளந்து பார்த்தால் இடைவெளி 4 அங்குலம். அந்த 4 அங்குலத்தைத் தகடு வைத்து நிரப்பினார்கள். செய்து வைத்த பம்பர்களை வீணாக்க முடியாது. அவற்றையும் நடுவில் வெட்டி, துண்டு வைத்து இணைத்தார்கள். இன்றைக்கும் ஒரு மொரிஸ் மைனரின் பொனட்டைப் பாருங்கள். நடுவால் ஓடும் தட்டையான பட்டி, அன்று சேர்ந்த 4 அங்குலத்தின் தழும்பு.

1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் வெளிவந்தது. நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபு அதை ஏளனமாக, தண்ணீரில் உடைத்து வேகவைத்த முட்டை என்றார். ஆனால் சனங்கள் அதை விரும்பினார்கள். ஒரு மில்லியன் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுவே.

அதே 1948இல் நமக்கு நடந்தது என்ன? பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேரை அது நாடற்றவர்களாக்கிவிட்டது. குடியுரிமையால் உயிர் பிழைத்த ஒருவர் வரைந்த கார் உலகத்துக்கு அறிமுகமாகி சில வாரங்கள்கூட ஆகவில்லை. அந்தக் கார் ஏறி வரப்போகும் மலைகளில் வாழ்ந்தவர்களோ உரிமையை இழந்து நின்றார்கள்.

அந்த மக்களின் கைகள் இல்லாமல் இந்த மலையில் எந்தக் கார் ஓடியிருக்கும்?

●

எல்லயிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய இறங்கும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், வளைவுக்கு வளைவு பிரேக். பழைய கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் யோசித்துத்தான் திரும்பும். மைனரில் பல்சட்டமும் சிறிய பற்சக்கரமும் நேராகக் கோத்த ரெக் ஸ்டியரிங் இருந்தது. கை அசைந்தால் சக்கரமும் அசையும். முன்பக்கம் முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன். 1952இல் ஒஸ்டினும் மொரிஸும் ஒன்றானதும் ஏ-சீரிஸ் என்ஜின் வந்தது. முதலில் 803 சீசீ, 1956இல் 948, 1962இல் 1098. டொக்டர், தலைமை ஆசிரியர், பெரிய கிளாக்கர், டீமேக்கர் என்று நடுத்தர வருமானக்காரர்களின் வாசலுக்கு இந்தக் கார் வந்தது அப்படித்தான்.

கார் பழுதானால் கொழும்புக்கு அனுப்புவது நடக்கிற காரியமில்லை. ஆனால் ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையிலும் ஒரு பட்டறை இருந்தது. ரோலர், டிரையர், ஒரே தண்டிலிருந்து பெல்ட் போட்டு இயக்கும் இயந்திர வரிசை இவற்றையெல்லாம் இரவு பகலாக ஓட வைக்கும் பிட்டர்மார் அங்கே இருந்தார்கள். கொழுந்து காத்திருக்காது, இயந்திரம் நின்றால் அன்றைய தேயிலை கெட்டுப்போகும். அந்த அவசரத்தில் பழகிய கை, காரின் பெயாரிங்கையும் வால்வையும் கண்டு மலைக்கவில்லை. லேத்தில் கடைந்தார்கள், உலையில் காய்ச்சி அடித்தார்கள். இந்த மலைநாட்டின் மோட்டார் வரலாறு பங்களா கராஜில் எழுதப்பட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். என் துணிபு வேறு. அதன் பெரும்பகுதி தொழிற்சாலைப் பட்டறையிலும், லயத்து வாசலிலும், கடைவீதிக் கராஜ்களிலும்தான் எழுதப்பட்டது. எழுதியவர்களின் பெயர் எந்தப் பந்தயக் கோப்பையிலும் இல்லை.

இதற்கு அழகான சாட்சி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். 1958 மே மாதத்தில் மொனாகோவில் அறிமுகமான ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். வெளியே கதவுப் பிடி கிடையாது, டிக்கிக்கு மூடி கிடையாது, முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக மேலே தூக்கித் திறக்கும். பொனட் மேல் உருண்டு நிற்கும் விளக்குகளால் 'தவளைக்கண்' என்று பிரித்தானியாவில் செல்லப்பெயர் வைத்தார்கள். ஆனால் அதன் உள்ளே பாருங்கள். என்ஜின், மைனரிலிருந்த அதே 948 சீசீ ஏ-சீரிஸ். எஸ்.யூ. கார்ப்பரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக வைத்து 43 குதிரைவலு எடுத்தார்கள், அவ்வளவுதான். ஸ்டியரிங் ரெக்கோ மைனரிலிருந்து அப்படியே வந்தது. பந்தயக் காரிலிருந்து குடும்பக் காருக்குப் போன அறிவு, மறுபடியும் ஸ்போர்ட்ஸ் காராகத் திரும்பி வந்தது.

அதனால்தான் ஸ்பிரைட்டையோ அதன் தம்பியான எம்.ஜி. மிட்ஜெட்டையோ உயிர்ப்பிக்க நினைப்பவர் மைனர்க்காரரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தனி ஆளாக இந்த வேலை முடியாது. ஒருவரிடம் என்ஜின் புளொக் கிடக்கும். இன்னொருவர் ரெக்கை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார். மூன்றாமவருக்குக் கார்ப்பரேட்டர் ஊசியை எந்த அளவில் போடுவதென்று கை கணக்காகத் தெரியும். சட்டம் இல்லாத உடல் என்பதால் ஸ்பிரைட்டின் பலமே அடித்தகடுகளிலும் வாசற்படிப் பெட்டிகளிலும்தான் இருக்கிறது. பனியும் மழையும் மாறி மாறி அடிக்கும் இந்த ஊரில் முதலில் அரிப்பதும் அவைதான். அங்கே டிங்கர் பாஸ் வேண்டும். கதவு இடைவெளி விலகாமல் உடலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுவார் அவர். அவசரப்பட்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஆசைக்குத் தொடங்கியதல்ல. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுகியபோது உதிரிப்பாகமே வரவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசிடம் போயின. போன துரைமார் விட்டுச் சென்ற கார்கள் கைமாறின. ஓடாத ஒரு கார் ஓடும் மூன்று கார்களுக்கு உயிர் கொடுத்தது, ஒரே கிணற்றில் நாலு வீடு தண்ணீர் அள்ளுவதுபோல. 2020இல் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு 2025 வரை கதவு மூடியிருந்த காலத்திலும் பழைய வண்டிகளின் மதிப்பைப் பலர் புதிதாக உணர்ந்தார்கள். இங்கிலாந்தில் மைனர்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒருவர், அவற்றுக்கான தகடுகளை அடித்துக் கொடுக்க இலங்கைக் கைகளைத் தேடி வந்த அதிசயமும் ஒன்று உண்டு. அதற்குத் தனி அத்தியாயம் தேவை.

●

இப்போது நம் கண்முன் ஒரு பழைய கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன், என்ஜினைத் திறப்பதற்கு முன், விஷயம் தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது இலக்கத்தகட்டை. அது காரின் வயதைச் சொல்லிவிடும். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த சீ.ஈ., சீ.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற தகடு என்றால், இந்த நாட்டில் 1957க்கு முன் பதிவான கார். முதல் மைனர்கள் அப்படித்தான் வந்தன. தவளைக்கண் ஸ்பிரைட்டுக்கு அந்தத் தகடு கிடைத்திருக்கவே முடியாது, அது பிறந்ததே 1958இல். இங்கே புதிதாக இறங்கிய ஒவ்வொரு ஸ்பிரைட்டும் முதல் நாளிலேயே சுமந்தது வேறோர் எழுத்தை. சிங்கள 'ஸ்ரீ'.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம். அடுத்த ஆண்டு வாகனத் தகட்டில் ஸ்ரீ. வடக்கில் எதிர்ப்பு எழுந்தது. தகட்டில் தமிழ் எழுத்தை எழுதினார்கள், சிங்கள எழுத்துக்குத் தார் பூசினார்கள். பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தால் 1957 நடுவில் அது தணிந்தது. 1958இல் மறுபடி மூண்டது. இந்தத் தடவை நெருப்பு வடக்கோடு நிற்கவில்லை. சொந்தமாக ஒரு காரும் இல்லாத, ஓட்டுரிமையும் பறிபோன தோட்டத் தொழிலாளரும் அந்த எழுத்துக்கு எதிராக இறங்கினார்கள். ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கி வெடித்தது. தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர்.

கார் வாங்கவே வழியில்லாதவர்கள், காரின் தகட்டில் இருந்த ஓர் எழுத்துக்காக ஏன் உயிரைக் கொடுத்தார்கள்? அந்த மாதம் கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தத்துக்குப் பின், மலைப்பாதைகளில் வாகனம் ஓட்டிய தமிழர்களுக்கு என்ன நேர்ந்தது?

(அடுத்த வாரம்: தகட்டில் ஓர் எழுத்து)