பாவமன்னிப்பைத் தள்ளிப்போடலாமா? ஆர்னோவும் அல்போன்ஸ் லிகோரியும்

விதி பெரிதா, அன்பு பெரிதா என்ற வழக்கு கத்தோலிக்கத் திருச்சபையில் மிகக் கூர்மையாக எழுந்த இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அதில் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள் பாரிசின் இறையியலாளர் அந்துவான் ஆர்னோவும் நேப்பிள்சின் அல்போன்ஸ் லிகோரியும். ஆர்னோ 1694-இல் காலமானார். அல்போன்ஸ் பிறந்தது 1696-இல். ஆனாலும் அல்போன்ஸ் குருத்துவத்துக்குப் படித்த அறநெறிப் பாடம் ஆர்னோவைப் போன்ற கடுமைப் போக்கில்தான் இருந்தது.

நற்கருணை வாங்கிய நாளில் நடன விருந்துக்குப் போகலாமா என்று பாரிசின் பிரபுகுலப் பெண்களிடையே கிளம்பிய பேச்சுதான் ஆர்னோவை எழுதத் தூண்டியது. 1643-இல் வந்த அவரது நூல், ஆதித் திருச்சபையின் தவ ஒழுங்கை முன்னிறுத்தியது. மனம் மெய்யாகத் திரும்பித் தவமும் செய்த பிறகே பாவமன்னிப்பு. அதுவரை நற்கருணையிலிருந்து விலகி நிற்பதும் பக்தியே என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குவது அநியாயம். மன்னிப்பு மலிந்த சடங்காகிவிடுமோ என்ற அவருடைய அச்சத்தில் பொருள் இருந்தது. ஆனால் அவர் கண்முன் இருந்தவர்கள் படித்தவர்கள், ஓய்வுள்ளவர்கள், ஆன்ம குருவை வாரந்தோறும் பார்க்க வசதியுள்ளவர்கள்.

அல்போன்ஸ் கண்டது வேறு மக்களை. 1723-இல் ஒரு பெரிய வழக்கில் தோற்று வழக்கறிஞர் தொழிலை விட்டவர், 1726-இல் குருவானார். அமால்ஃபிக்கு மேலே ஸ்காலா மலைகளில், ஞானோபதேசமே கேட்டறியாத ஆட்டிடையர்களைச் சந்தித்தார். 1732-இல் அங்கேயே இரட்சகர் சபையைத் தொடங்கினார். மலையிறங்கி வந்த இடையனை மன்னிப்பின்றித் திருப்பி அனுப்பினால் அவன் மறுபடி வருவான் என்பதற்கு என்ன உறுதி? பலவீனத்தால் விழுபவனுக்கு எழும் வலுவைத் தருவதே அந்த அருட்சாதனம்தான். குணமான பிறகு மருந்து தருகிறேன் என்று எந்த வைத்தியர் சொல்வார்?

அவர் விதிகளைத் தூக்கி எறியவில்லை. பாவத்துக்கு இழுக்கும் சூழலை விட மறுப்பவரைக் காத்திருக்கத்தான் சொன்னார். ஆனால் ஒரு விதி உண்டா இல்லையா என்பதே நியாயமான ஐயத்தில் இருக்கும்போது, அதைச் சுமத்தி மனசாட்சியைக் கட்டக் கூடாது என்று வாதாடினார். தெளிவாக அறிவிக்கப்படாத சட்டம் எவரையும் கட்டுப்படுத்தாது என்னும் இந்த வாதத்தில் பழைய வழக்கறிஞரின் குரல் கேட்கிறது. 1748-இல் முதலில் வெளிவந்த அவரது அறநெறி இறையியல் நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு நூலகங்களைப் போலவே மலைக்கிராமங்களும் காரணம் என்பதே என் கணிப்பு.

ஆர்னோவுக்கு நற்கருணை தகுதி பெற்றவருக்கான மேன்மை. அல்போன்சுக்கு அது பசித்தவருக்கான உணவு. இயேசு பாவிகளோடு பந்தியமர்ந்ததை நினைத்தால், நான் அல்போன்ஸ் பக்கமே நிற்பேன். இத்தனைக்கும், சிறு குற்றத்தையும் பெரும்பாவமாக அஞ்சும் மனவேதனை அவரையே வாட்டியது, முதுமையிலும் விடவில்லை. விதியின் சுமையைத் தம் உடம்பிலேயே அறிந்தவர் அதைப் பிறர்மேல் ஏற்றவில்லை.

திருச்சபை அவரை 1839-இல் புனிதராகவும் 1871-இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது. 1905-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை, சாவான பாவமின்றி நல்ல நோக்கத்தோடு வரும் எவரையும் நற்கருணையிலிருந்து தடுக்கலாகாது என்றது. தினமும் வாங்கலாம் என்றும் சொன்னது.