வீட்டில் பாடிப் பதிவு செய்கிறீர்களா? மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காருங்கள்

திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு அபார்ட்மெண்ட் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். கிரானைட் தரை, வழவழப்பான நான்கு சுவர்கள், மேலே மின்விசிறி. அங்கே உட்கார்ந்து ஒரு அன்னமாச்சார்யா கீர்த்தனையைப் பாடிப் பதிவு செய்து, ஆன்லைன் போட்டிக்கோ ஒரு சபாவுக்கோ அனுப்புகிறீர்கள். மறுமுனையில் கேட்பவருக்கு உங்கள் அறை தெரியாது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், "ரூம் சரியில்லை" என்று அவர் நினைக்க மாட்டார். "குரலில் அழுத்தம் போதாது" என்றுதான் நினைப்பார். பல வருடம் சாதகம் செய்த குரல், முப்பது செ.மீ. கணக்கு தவறியதால் தோற்றுப்போகும்.

இதற்குப் புது மைக் வாங்குவது பெரும்பாலும் தீர்வு இல்லை. முதலில் மாற்ற வேண்டியது தூரம். அதற்குச் செலவு கிடையாது.

தூரம் என்ன செய்கிறது?

வாயிலிருந்து நேராக மைக்குக்கு வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். 15 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ.க்கு நகர்ந்தால் 6, 60 செ.மீ.க்குப் போனால் 12. ஆனால் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பும் எதிரொலி, மைக் எங்கே இருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். அதனால் தள்ளிப் போகப் போக உங்கள் குரல் இறங்கும், அறை அப்படியே நிற்கும். பிறகு எடிட்டிங்கில் சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துதான் கூடும். கலந்த எதிரொலியைப் பிரித்தெடுக்க மென்பொருட்கள் இருக்கின்றன. ஆனால் குரலின் நுணுக்கத்தையும் கொஞ்சம் சேர்த்தே சுரண்டிவிடும்.

அப்படியானால் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துவிடலாமே? அதற்கும் ஒரு விலை உண்டு. 10 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது தலை 5 செ.மீ. பின்னால் போனால் குரல் 3.5 டெசிபல் இறங்கும். அதே 5 செ.மீ. அசைவு 30 செ.மீ. தூரத்தில் நடந்தால் இறக்கம் 1.3 தான். கர்நாடக இசை பாடுபவர் தலையை அசைக்காமல் பாடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. கமகத்தோடு தலையும் போகும். மிக நெருக்கத்தில் அந்த அசைவு ஒவ்வொன்றும் ஏற்ற இறக்கமாகப் பதிவாகும்.

இன்னொன்று, ஒரு திசையிலிருந்து மட்டும் கேட்கும் 'கார்டியாய்டு' வகை மைக்குகளில் நெருங்க நெருங்க அடித்தொனி தானாகவே பருக்கும். வானொலி அறிவிப்பாளருக்கு அது அழகு. மந்த்ர ஸ்தாயியில் நிற்கும் பாடகருக்குக் குரல் மூட்டை கட்டியதுபோல் ஆகிவிடும்.

சரி, எவ்வளவு தூரம்?

கண்டென்சர் மைக் என்றால் 15 முதல் 20 செ.மீ. வரை தொடங்குங்கள். கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண், ஏறக்குறைய அதுதான். டேப் தேட வேண்டாம். மேடையில் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு நாலு விரற்கடை போதும், ஏனென்றால் அது நெருங்கிப் பாடுவதற்காகவே செய்யப்பட்டது. அறை ரொம்ப எதிரொலித்தால் கொஞ்சம் முன்னால் வாருங்கள். குரல் கனமாகக் கேட்டால் கொஞ்சம் பின்னால் போங்கள்.

பக்கவாட்டில் கேட்கும் கண்டென்சர் மைக்கின் உச்சியைப் பார்த்துப் பாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மைக்கின் முகம் பக்கத்தில் இருக்கிறது, பெரும்பாலும் நிறுவன முத்திரை உள்ள பக்கம்.

தெலுங்கில் பாடினால் கூடுதல் கவனம்

சித்தூர்–திருப்பதி பக்கம் ஒரே ஆள் தமிழிலும் தெலுங்கிலும் பாடுவது சாதாரணம். ஆனால் மைக்குக்கு இரண்டும் ஒன்றல்ல. தமிழில் ஒரே 'ப'. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள், அதில் இரண்டு மூச்சோடு வெடிப்பவை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துத் தமிழில் 'பல்' என்று சொல்லுங்கள். பிறகு சமஸ்கிருத உச்சரிப்பில் 'பலம்' (பழம் என்ற பொருளில்) என்று சொல்லுங்கள். கையில் படும் காற்றின் வித்தியாசம் தெரியும். அந்தக் காற்றுதான் மைக்கில் 'டப்' என்று இடிக்கிறது.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவில், மைக்கிலிருந்து சுமார் 8 செ.மீ. தள்ளி ஒரு பாப் ஃபில்டர் வையுங்கள். அதைவிட நல்ல வழி, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்திலிருந்து வாயை நோக்கிச் சாய்ப்பது. காற்று நேராகப் போகும், ஒலி எல்லாப் பக்கமும் பரவும், அதனால் காற்று மட்டும் தப்பிவிடும். 'ஸ', 'ஷ' கூர்மையாகக் குத்துவதும் இதில் ஓரளவு அடங்கும். 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பதிவு செய்த வெங்கடேச சுப்ரபாதத்தை ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். மூச்செழுத்துகள் எத்தனை வருகின்றன, அதில் எத்தனை காதில் இடிக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மைக்குக்கு முன்னும் பின்னும் நகர்வதும் பாடகரின் வேலைதான். 1920-களின் நடுவில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு, பாடகர்கள் ஒரு கொம்புக் குழாய்க்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகுதான் மெல்லிய குரலுக்கும் இடம் கிடைத்தது. தார ஸ்தாயிக்கு ஏறும்போது நாலைந்து செ.மீ. பின்னால் சாயுங்கள், மந்த்ரத்தில் முன்னால் வாருங்கள். அதற்கு மேல் ஆடினால் குரலின் நிறமே மாறும்.

தாளமும் ஒரு பிரச்சினை. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடரும், 1954-ல் சங்கீத கலாநிதி பெற்றவருமான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் வழியில் லயத்துக்குத் தனி மரியாதை. அந்த வழியில் வந்தவரிடம் தாளம் போடாதே என்று யார் சொல்ல முடியும்? ஆனால் தொடையில் விழும் அடி தரை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறும். ஸ்டாண்டின் காலுக்குக் கீழே மடித்த துண்டு, தொடைமேல் ஒரு சின்னத் தலையணை. தம்புரா ஆப் ஸ்பீக்கரில் வேண்டாம், இயர்போனில் ஒரு காதில் மட்டும் ஓடட்டும்.

அறைக்கு முட்டைத் தட்டு ஒட்டுவதை விட்டுவிடுங்கள், அது பெரிதாக எதையும் உறிஞ்சாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் கனமான கம்பளி அல்லது நிமிர்த்திய பஞ்சு மெத்தை, பக்கத்தில் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள். கார்டியாய்டு மைக் முன்னால் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும், அதாவது உங்களையும் உங்கள் பின்னால் உள்ள சுவரையும். மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்துவது கொடுமைதான். ஒரு பாட்டு, ஒரு இடைவேளை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் பதிவு செய்தாலும் அதே ஒரு சாண்தான். மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். அதை வாயை நோக்கித் திருப்பி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். சில ஆப்களில் சத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் அறையின் சத்தம் மேலே எழும். பாட்டின் மிக உரத்த இடத்தைப் பாடிப் பார்த்து, மீட்டர் −12-க்கும் −6-க்கும் நடுவில் நிற்கும்படி அளவை வையுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.