குமிழுக்குள் இருவர்

பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் கேட்பதற்காக மைக் பொருத்திய காரைப் பார்த்திருக்கிறீர்களா? 1955-இல் அப்படி ஒன்று வந்தது. பெயர், லிங்கன் ஃப்யூச்சுரா.

இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்து ஆண்டுகள். ஜெட் விமானத்தின் மேல் அமெரிக்காவுக்குத் தீராத மோகம். 'நாளைய கார் இதுதான்' என்று கார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு மாதிரி வண்டிகளைக் கண்காட்சியில் நிறுத்தின. ஃபோர்டின் லிங்கன் பிரிவுக்காக பில் ஷ்மிட் குழு வடிவமைத்த காரை, இத்தாலியின் டூரின் நகரில் இருந்த கியா பட்டறை கைவேலையாகவே செய்து கொடுத்தது. செலவு இரண்டரை லட்சம் டாலர். நீளம் ஏறக்குறைய 19 அடி. உட்கார இடமோ இருவருக்குத்தான். வெள்ளைப் பெயின்டில் முத்தின் மினுமினுப்பு வருவதற்கு மீன் செதிலிலிருந்து எடுத்த பொருளைக் கலந்தார்கள்.

வேடிக்கை கூரையில்தான். ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒன்று, பக்கத்தில் இருப்பவர் தலைக்கு மேல் ஒன்று என இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள். போர் விமானி போல உட்காரலாம். ஆனால் வெளியே என்ன சத்தம் என்று காதில் விழாது. அதற்காகத்தான் வண்டியின் பின்புறம், வட்டமான ரேடியோ ஏரியலின் நடுவில் மைக், உள்ளே ஸ்பீக்கர். தெருவைக் கதவடைத்து வெளியே நிறுத்திவிட்டு, அதன் இரைச்சலை மட்டும் ஒயர் வழியாக உள்ளே அழைத்த கதை!

வெறும் காட்சிப் பொம்மை அல்ல, ஓடவும் செய்தது. 1955 மார்ச்சில் ஹென்றி ஃபோர்டின் பேரன் பென்சன் ஃபோர்ட், நியூயார்க் தெருக்களில் அதில் வலம் வந்தார். 1959-இல் சிவப்புச் சாயம் பூசி ஒரு ஹாலிவுட் படத்தில் நடிக்க வைத்தார்கள். பிறகு கேட்பாரற்றுக் கிடந்தது. விற்பனைக்கான கார் மட்டும் வரவே இல்லை.

1965 இறுதியில் ஒரு டிவி தொடருக்கு அவசரமாகக் கார் தேவைப்பட்டது. வண்டிகளை உருமாற்றுவதில் பேர்போன ஜார்ஜ் பாரிஸ், ஃபோர்டிடமிருந்து ஒரே ஒரு டாலருக்கு வாங்கிய ஃப்யூச்சுராவைக் கையில் எடுத்தார். மூன்றே வாரத்தில் கறுப்புப் பூசி, தொடரின் நாயகன் பேட்மேன் ஓட்டும் பேட்மொபைல் ஆக்கினார். முன்னும் பின்னும் குமிழ் வளைவை விட்டுவைத்து, தலைக்கு மேல் இருந்த பகுதியை எடுத்துவிட்டார். மைக்குக்கு வேலை போயிற்று. தெருச் சத்தம் தானாகவே காதில் விழுந்தது.

2013 ஜனவரியில் அதே கார் ஏலத்தில் 46 லட்சம் டாலருக்குப் போனது. தலைக்கு மேல் அப்போதும் திறந்தவெளிதான்.