மடிக்குள் காற்றடித்த காலம்

கன்று ஈன்ற மறுநாளே கறவை மாடு படுத்துவிடும். காது சில்லிடும், கழுத்து விலாப்பக்கம் மடங்கும், அசைபோடுவது நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இப்படிப் படுத்த மாடுகளில் பாதிக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை. முதல் ஈற்றுக் கிடேரிகளை இந்தப் பால் காய்ச்சல் பெரும்பாலும் அண்டுவதில்லை. மூன்றாம், நான்காம் ஈற்றில், தொழுவத்திலேயே அதிகம் கறக்கும் மாட்டைத்தான் அது பிடித்தது. குடும்பத்தின் வருமானமே அந்த ஒரு மாடுதான் என்றால், அன்றோடு எல்லாம் போயிற்று.

வைத்தியர்கள் ரத்தம் வடித்தார்கள், பேதி மருந்து கொடுத்தார்கள். விழுங்க முடியாமல் கிடக்கும் மாட்டின் வாயில் மருந்தை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கும். பிழைத்திருக்கக்கூடிய மாடுகளும் அப்படி மாண்டன.

1897இல் டென்மார்க்கின் கோல்டிங் நகரக் கால்நடை மருத்துவர் ஷ்மிட் வேறு வழி கண்டார். மடியில் உண்டாகும் ஏதோ ஒரு நஞ்சுதான் நோய்க்குக் காரணம் என்று எண்ணி, அதை முறிக்கப் பொட்டாசியம் அயோடைடு கரைசலைக் காம்பு வழியே உள்ளே செலுத்தினார். சாவு மளமளவென்று குறைந்தது. பிறகு மற்றவர்கள் வேறு திரவங்களையும் ஆக்சிஜனையும் செலுத்திப் பார்த்தார்கள். கடைசியில் வெறும் காற்றே எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தது! மடி விம்மும்வரை காற்றடித்து, காம்புகளை நாடாவால் கட்டிவிட்டால் சில மணி நேரத்தில் மாடு எழுந்து நின்றது. அவசரத்துக்குச் சைக்கிள் பம்பைக்கூடப் பயன்படுத்தினார்கள். சுத்தமில்லாத குழாயால் மடிநோய் வந்ததும் உண்டு. ஆனாலும் உயிர் தங்கியது.

ஷ்மிட் நினைத்த நஞ்சு மடியில் இருக்கவே இல்லை. உண்மைக் காரணம் 1925இல்தான் வெளிப்பட்டது. பிரிட்டனில் லிட்டில், ரைட் இருவரும், படுத்த மாடுகளின் ரத்தத்தில் கால்சியம் வெகுவாக இறங்கியிருப்பதை அளந்து காட்டினார்கள். அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் டிரையர், கிரெய்க் இருவரும் கால்சியக் குறைவையே காரணமாக முன்வைத்தார்கள். பசுவின் ரத்த நீரில் ஓடும் கால்சியம் ஏறத்தாழ 3 கிராம்தான். பத்து லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் வெளியேறிவிடும். எலும்பில் கையிருப்பு ஏராளம். ஆனால் அதைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்ப உடலுக்குச் சில நாள் பிடிக்கும். காற்று நிறைந்த மடியில் பால் சுரப்பது நின்றதால்தான் கால்சியத்தின் வடிகாலும் அடைபட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி வந்தது. பம்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று தமிழ்நாட்டுக் கலப்பின மாடுகளின் கழுத்து நரம்பில் ஏறும் கால்சியம் பாட்டில் அந்த வழியில் வந்ததுதான்.

வருமுன் காக்கும் வழி நார்வேயில் கிடைத்தது. அங்கே பசும்புல் கெடாமலிருக்க அமிலம் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். பின்லாந்தின் விர்தானென் வகுத்த முறை அது. அவருக்கு 1945இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தீவனம் தின்ற மாடுகளுக்குப் பால் காய்ச்சல் குறைவாக வருவதை எண்டர், டிஷிங்டன் குழுவினர் கவனித்தார்கள். உடலில் சற்றே அமிலம் கூடினால் எலும்பின் கால்சியம் எளிதில் இளகும். அதனால்தான் இப்போது பல நாடுகளின் பெரிய பண்ணைகளில், கன்று ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே சினைமாட்டுக்கு அதற்கான உப்புகளைத் தீவனத்தில் கலந்து கொடுத்து, அமிலம் போதுமான அளவு ஏறியிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.