கம்பி வழி வந்த இடி: பகாவ் தோட்டப்புறங்களில் மின்கருவி இழப்பின் வரலாறு

இடி முழங்கினால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று முணுமுணுத்த பாட்டிமார்கள் தோட்டப்புறத்தில் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே இடியைக் கேட்டதும் தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்க ஓடுகிறார்கள். இந்த இரண்டு பழக்கங்களுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு தலைமுறைதான். அந்தக் காலத்தில் வானம் மாறவில்லை. வீட்டுக்குள் நுழைந்த கம்பிகளின் எண்ணிக்கை மாறியது. பகாவ் வட்டாரத்தில் மின்கருவிகள் கருகிப்போன வரலாற்றை இயற்கைச் சீற்றத்தின் வரலாறாக எழுதுவது எளிது. அது அரை உண்மையே. கம்பி எப்போது வந்தது, யார் இழுத்தார்கள், அதைப் பூமியோடு இணைக்கும் கடமை யாருடையதாக இருந்தது என்பதே அந்த வரலாற்றின் மற்றொரு பாதி என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கிறது பகாவ். கிம்மாஸிலிருந்து வடக்கே போன இரயில் பாதை 1910இல் இங்கு வந்து சேர்ந்தது. அதைச் சுற்றிப் பால்மரக் காடுகள் பெருகின. கெடிஸ், ஜெராம் பாடாங், செயின்ட் ஹீலியர் முதலிய தோட்டங்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் வாழ்கின்றன. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை கூடும். கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 200 இடிநாள்கள் என்று பொறியியல் நூல்கள் கணக்குச் சொல்லும். உலகில் மிக அதிகமான அளவுகளில் அதுவும் ஒன்று. பகாவுக்கு மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஜெலுபு, தீபகற்பத்தின் மிக வறண்ட பகுதியாக அறியப்பட்டது. மழை குறைந்தால் மின்னலும் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. வறண்ட மண் மின்சாரத்தை உள்வாங்கத் தயங்கும் என்பதால் அங்கே ஆபத்து வேறு வழியில் கூடுகிறது.

கம்பி வருவதற்கு முன் மின்னலுக்கு இரையானது மரம். மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தின் தாவர நோயியல் அறிஞர் ஷார்ப்பிள்ஸ், தென்னையிலும் ரப்பரிலும் நோய் என்று எழுதப்பட்ட சில சாவுகளுக்கு மின்னல் புயல்களே காரணம் என்று 1933இல் ஓர் ஆய்விதழில் வாதிட்டார். 1936இல் வெளிவந்த ரப்பர் மர நோய்கள் பற்றிய நூலிலும் இதை எடுத்துப் பேசினார். பட்டைக்கு உள்ளே நிறம் மாறும், அருகருகே நிற்கும் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போகும், பிறகு பூச்சியும் பூசணமும் ஏறும். கடைசியில் வந்த பூசணத்தின் மேல் பழி விழும், முதலில் வந்த மின்னல் தப்பிவிடும். மூலக் காரணத்தையும் பின்விளைவையும் குழப்பிக்கொள்ளும் இந்தத் தவறு மரத்தோடு நிற்கவில்லை. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து அது தலைகீழாகத் திரும்பி வந்தது: வயரிங் பழுதில் எரிந்த மின்கருவிக்கெல்லாம் மின்னல் பழி சுமந்தது.

மலாயாவில் மின்சாரம் தொழிலுக்காகத்தான் வந்தது. 1894இல் ராவாங்கில் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கியை நிறுவிய இருவரில் ஒருவர் லோக் இயூ. மற்றவர் தம்புசாமிப் பிள்ளை, பத்துமலைக் கோயிலோடு நாம் நினைவுகூரும் அதே மனிதர். ஒரு தமிழர் கைபட்டுத் தொடங்கிய மின்சாரம், தோட்டத் தமிழர் வாழ்ந்த வரிசை வீடுகளான லயங்களை அடையப் பல பத்தாண்டுகள் ஆனது. தோட்டத்தில் முதலில் வெளிச்சம் கண்டவை ஆலையும் துரை பங்களாவும். பிறகு பல தோட்டங்களில் லயங்களுக்கும் எஞ்சின் கரண்டு கொடுத்தார்கள், மாலை ஆறு மணி வாக்கில் தொடங்கி இரவு பத்து மணி வரைக்கும். எஞ்சின் தடுமாறினால் விளக்கு மங்கும், பிறகு பளீரென்று எரியும்.

இழப்பு என்ற கோணத்திலிருந்து பார்த்தால் அந்த எஞ்சின் காலம் ஒருவகையில் பாதுகாப்பான காலம். பிற்பகல் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே இடி உச்சத்தில் இருக்கும்போது எஞ்சின் ஓய்ந்திருக்கும். கம்பியோ ஆலையிலிருந்து லயம் வரை மட்டுமே ஓடும் சிறு வலை. வீட்டில் இருந்தது இரண்டு பல்பும், வசதி இருந்தால் ஒரு வானொலியும். பழைய வால்வு வானொலி திடீர் மின்னெழுச்சியைத் தாங்கும். பின்னால் வந்த சில்லுகளோ ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் செத்துவிடும். அந்த வறுமையைப் போற்ற நான் இதைச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய அநீதி என்பதை மறக்க முடியாது.

1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது, 1965இல் அது தேசிய மின்சார வாரியமானது. கம்பங்கள் கிராமங்களுக்குப் போயின. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மின்திட்டங்கள் பெரும்பாலும் அவற்றின் வாசலோடு நின்றன. உள்ளே கரண்டு கொண்டுபோவது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதுதான் நடைமுறை. 1990ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 446ஆம் எண் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குரியது. போதிய மின்சாரம் தருவதும் வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்கிறது. 447ஆம் எண் சட்டம் மின்வழங்கலுக்குரியது. தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் ஆனதும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். ஒன்று முதலாளியைப் பார்க்கிறது, மற்றது மின் நிறுவனங்களையும் மின்நிறுவல்களையும் பார்க்கிறது. மீட்டருக்கும் லயத்து வீட்டு பிளக்குக்கும் இடையே ஓடிய பழைய வயர் இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவே விழுந்தது. பகாவின் மின்கருவி இழப்பு வரலாற்றில் மையமான இடம் அதுதான் என்று கருதுகிறேன்.

நாடளவிலும் அந்தப் பத்தாண்டு இரண்டு பாடங்களை அடுத்தடுத்து நடத்தியது. 1992 செப்டம்பர் 29 அன்று மின்கடத்து அமைப்பு ஒன்றில் மின்னல் தாக்கி, தீபகற்பம் முழுவதும் இருண்டது. 1996 ஆகஸ்ட் 3 அன்று திரெங்கானுவின் பாக்காவில் ஏற்பட்ட பழுதால் அதே இருள் மீண்டும் வந்தது. முன்னதற்கு மின்னல் காரணம், பின்னதற்குப் பழுது காரணம். வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

தேசிய வலையோடு இணைந்த பிறகு லயத்து வீட்டின் சுவர் பிளக்கு பல கிலோமீட்டர் நீளமுள்ள மேல்நிலைக் கம்பியின் ஒரு முனை ஆகிவிட்டது. மின்னல் வீட்டில் விழ வேண்டிய அவசியமே இல்லை. சுவீடனைச் சேர்ந்த ரஸ்க் 1950களின் இறுதியில் தந்த கணக்கீட்டைப் பின்பற்றினால், சராசரியான 30,000 ஆம்பியர் மின்னல் அரைக் கிலோமீட்டர் தள்ளிச் செம்பனைக் காட்டில் இறங்கினாலும், 8 மீட்டர் உயரக் கம்பியில் ஏறத்தாழ 18,000 வோல்ட் கிளம்பும். வீட்டுக் கருவிகள் தாங்கவேண்டியதாகச் சர்வதேசத் தரம் எதிர்பார்ப்பது 2,500 வோல்ட். வழியில் எவ்வளவோ தேய்ந்தாலும் மீதி வருவது போதும்.

கம்பி ஒன்றோடு நிற்கவுமில்லை. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. அதன் 'வானவில்' தமிழ் அலைவரிசைக்காகவே கூரையில் தட்டு ஏற்றிய வீடுகள் பல. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவை வந்தபோது தொலைபேசியின் செப்புக் கம்பி இணையக் கம்பியும் ஆனது. மோடம் அடிக்கடி சாவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. அதன் ஒரு பக்கம் மின்கம்பி, மறுபக்கம் தொலைபேசிக் கம்பி. இரண்டும் வெவ்வேறு இடத்தில் பூமியைத் தொடுகின்றன. மின்னல் இறங்கும் கணத்தில் அந்த இரண்டு பூமிகளின் அழுத்தமும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி அந்த வேறுபாட்டைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை மறந்தவர்கள், விளக்கெல்லாம் நன்றாக எரிந்துகொண்டிருக்க மோடம் மட்டும் செத்ததைக் கண்டு திகைத்தார்கள். 2010க்குப் பிறகு வந்த கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அது போய்ச் சேர்ந்த வீடுகளில் இந்த ஒரு வாசல் மூடிக்கொண்டது.

இனி, மின்னலின் பெயரில் எழுதப்பட்ட பழுதுக்கு வருகிறேன். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு கம்பிகள் கம்பத்தில் ஓடுகின்றன. லயத்து வீடுகள் ஃபேஸ்களுக்கிடையே பகிர்ந்து இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் 240 வோல்ட் கிடைப்பது நியூட்ரல் முழுதாக இருக்கும்வரைதான். மழைக்காற்றில் மரக்கிளை விழுந்தோ, பல ஆண்டுத் துருவில் இணைப்பு தளர்ந்தோ நியூட்ரல் அறுந்தால், இரண்டு ஃபேஸ்களில் இருக்கும் வீடுகள் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி, மற்றதில் 100 வாட் தொலைக்காட்சி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஃபேஸில் சுமை இல்லையென்றால், எளிய கணக்கில், தொலைக்காட்சிக்குப் போவது சுமார் 377 வோல்ட். இஸ்திரிப்பெட்டிக்கு மிஞ்சுவது 38 வோல்ட். குறைவாகப் பயன்படுத்தியவருக்கே கூடுதல் சேதம். இஸ்திரி போட்டவர் "கரண்டு குறைஞ்சிருச்சு" என்பார், பக்கத்து வீட்டார் "இடி விழுந்து டிவி போச்சு" என்பார். இருவரும் ஒரே அறுந்த கம்பியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வேறுபடுத்தி அறிய முடியும். மின்னெழுச்சி நொடியின் மிகச் சிறு பகுதியில் வந்து போகும். மோடம், தட்டின் பெட்டி, மின்விசிறியின் கட்டுப்பாட்டுப் பலகை என்று நுண்ணியவை சாகும், பல்பு பெரும்பாலும் தப்பும். நியூட்ரல் அறுந்தால் விளக்குகள் சில நொடியாவது பளீரென்று எரியும், கருகல் வாடை வரும், ஒரே ஃபேஸில் இருக்கும் பல வீடுகளில் ஒரே நேரத்தில் சேதம் நடக்கும், வேறொரு ஃபேஸில் விளக்கு மங்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே மழையில் நிகழ்வதால்தான் குழப்பம். அந்தக் குழப்பம் யாருக்கு உதவியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மின்னலுக்கு யாரும் பொறுப்பில்லை. துருவேறிய இணைப்புக்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டு. எல்லாவற்றையும் மின்னல் என்று ஒப்புக்கொண்டபோது, கேட்கவேண்டிய கேள்வியைத் தொழிலாளிகள் தம்மையறியாமலே கைவிட்டார்கள்.

காப்பு முறையும் பிந்தியே வந்தது. கசிவு மின்னோட்டத்தைக் கண்டறிந்து கரண்டை வெட்டும் சாதனம் 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தேவைகளை ஒட்டி வளர்ந்தது. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகள் அதற்குத் தெளிவான அளவுகள் வகுத்தன: பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30, தரை ஈரமாக இருக்கும் இடங்களுக்கு 10. அது மனித உயிரைக் காக்கும் சாதனம். மின்னெழுச்சியிலிருந்து கருவியைக் காக்க அதனால் ஆகாது, அது அசைவதற்குள் எழுச்சி கடந்துபோயிருக்கும். ஆனால் இடி இடித்ததும் டிரிப் ஆகிவிடும். வேலைக்குப் போன வீட்டார் திரும்பி வரும்போது குளிர்பெட்டியில் இருந்த மீன் கெட்டிருக்கும். இதில் சலித்து அந்தச் சாதனத்தையே சுற்றி வயர் போட்டுவிடுவது, மின்னலால் வந்த இழப்புகளிலெல்லாம் மோசமானது. அது கருவிக்குப் பதில் உயிரைப் பணயம் வைக்கிறது.

எழுச்சியை விழுங்கும் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் 1970களிலிருந்தே சந்தையில் உண்டு. அவை விழுங்கியதைக் கொட்டுவதற்கு நல்ல எர்த் வேண்டும். மலேசியாவில் வீட்டு மின்சாரத்துக்கு எர்த் அந்தந்த வீட்டிலேயே அடிக்கப்படுகிறது. சரளைக் கல் நிறைந்த செம்மண்ணில் 10 ஓம் எட்டுவதே உழைப்பு. எட்டினாலும், நேரடியாக விழும் 30,000 ஆம்பியர் மின்னலுக்கு அந்த 10 ஓமில் 3 இலட்சம் வோல்ட் எழும். அதனால்தான் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, கூரைத் தட்டு எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள். எல்லாம் சேர்ந்து உயர்ந்தால், சேர்ந்து இறங்கும். நடுவில் இருக்கும் கருவிக்கு வேறுபாடு தெரியாது.

பால்மரம் செம்பனையாக மாறிய பிறகு லயங்களைவிட்டுப் பல குடும்பங்கள் நகர்ப்புறத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டன. அங்கே வயரிங் புதியது, வயர்மேன் கையெழுத்திட்டது, எர்த் கம்பி பின்புறச் சாக்கடையோரம் மண்ணில் இறங்கியிருக்கும். பிறகு சமையலறையை நீட்டிக் கட்டுகிறார்கள், சிமெண்டு பூசுகிறார்கள், ஓடு பதிக்கிறார்கள். எர்த் கம்பியின் தலையும் அதன் பிடியும் ஓட்டுக்கு அடியில் போய்விடுகின்றன. அடுத்த அக்டோபரில் மோடம் செத்து வயர்மேன் வந்து எர்த் எங்கே என்று கேட்கும்போது, வீட்டார் சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.