மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

சென்னை,

"சார், எல்லாம் கிளியர் டைட்டில். எங்க வக்கீலே ஒப்பீனியன் கொடுத்திருக்காரு. இன்னிக்கு டோக்கன் போட்டாதான் இந்த ரேட்டு!"

இலவச வேனில் அழைத்துப் போய், சாப்பாடும் போட்டு புறநகரில் மனை காட்டும் இடங்களில் கேட்கும் பேச்சு இது. இதை நம்பி சீட்டுப் பணம், நகை அடகு வைத்த பணத்தை கொடுத்து விட்டு, 'பதிய முடியாது' என்று பத்திர ஆபீசில் சொன்ன பிறகு தலையில் கை வைப்பவர்கள் ஏராளம்.

புரமோட்டரின் வக்கீல் புரமோட்டருக்குத்தான் வக்கீல். உங்களுக்கு தனியாக ஒரு வக்கீலை வைத்து, பணம் கொடுக்கும் முன்பே கீழ்க்கண்டவற்றை பார்க்க சொல்லுங்கள்.

மூலப்பத்திரம்

குறைந்தது 30 ஆண்டுகளில் நிலம் யார் யார் கைக்கு மாறியது என்று பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது. ஒரிஜினல் பாங்கில் அடமானத்தில் இருக்கலாம். பூர்வீக சொத்து என்றால் மகள்கள் உள்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்து போட்டிருக்க வேண்டும்.

வில்லங்க சான்று

பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் பதிவான விவரம் மட்டும்தான் இதில் வரும். பதிவு செய்யாத உயில், வாய்வழி பாகப்பிரிவினை இதில் தெரியாது. 'வில்லங்கம் இல்லை' என்று வந்தாலும் கோர்ட்டில் கேஸ் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பட்டா

பட்டாவில் உள்ள சர்வே எண்ணும், பரப்பளவும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஏரி, மேய்க்கால் புறம்போக்கு, கோவில் நிலம் என்றால் கிட்டவே போகாதீங்க.

பவர் பத்திரம்

பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்து விட்டாரா என்று பாருங்கள். வெறும் பவர் பத்திரத்தால் நிலம் உங்கள் சொத்து ஆகாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

அப்ரூவல்

'பஞ்சாயத்து அப்ரூவல்' மட்டும் போதாது. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண் வேண்டும். 20-10-2016 முதல் அமலில் உள்ள பதிவுச்சட்டம் 22-ஏ பிரிவுப்படி, அங்கீகாரம் இல்லாத புது மனைகளை பதிய முடியாது. அதற்கு முன்பே மனையாக பதிவானவற்றை மறுபடி பதியலாம். ஆனால் வரன்முறை செய்யாவிட்டால் வீடு கட்ட பிளான் அப்ரூவல் கிடைக்காது.

ரெரா எண்

500 சதுர மீட்டருக்கும், 8 மனைக்கும் மேற்பட்ட லேஅவுட்டை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. ஒப்பந்தத்தை பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது.

வக்கீல் பீஸ் சில ஆயிரத்தில் முடியும். அதை மிச்சம் பிடிக்கப் போய் லட்சங்களை விடாதீங்க. 'முதல்ல பேப்பர், அப்புறம் டோக்கன்' என்று சொல்லி விட்டு வேனில் ஏறுங்கள்!