அன்றிக் அடிகளாரின் அளவுகோல்

வெற்றி யாது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறது. பிறப்பு, பட்டம், பதவி, எண்ணிக்கை என்பன அவ்விடையின் உறுப்புகள். நாமும் பெரும்பாலும் ஊரார் கையிலுள்ள கோலைக்கொண்டே நம்மை அளந்து, மகிழ்ந்தும் மனமுடைந்தும் போகிறோம். தம் பணிக்குத் தாமே ஓர் அளவுகோலை வகுத்துக்கொண்ட ஒருவரை முத்துக்குளித்துறையின் வரலாற்றிலே காண்கிறோம். அவரே அன்றிக் அடிகளார்.

1520ஆம் ஆண்டளவில் போர்த்துகல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரில் அவர் பிறந்தார். துறவறம் நாடி முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். யூத மரபினர் என்ற காரணத்தால் அங்கிருந்து விலக்கப்பட்டார். குருதித் தூய்மை பேசிய அந்நாளைய சமுதாயம் தன் கோலால் அவரை அளந்து, குறையுடையவர் என்று தீர்ப்பளித்துவிட்டது. பின்னர் 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546இல் கோவாவை அடைந்த அவரைப் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார்.

அக்கரையில் பரதவர் பல்லாயிரவர் 1530களிலேயே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். எண்ணிக்கையே வெற்றியாயின் அது முன்பே எய்தப்பட்டுவிட்டது எனலாம். ஆயினும் குருக்களுக்குத் தமிழ் தெரியாது. சவேரியாரே மொழிபெயர்ப்பாளரின் துணையால் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தே கற்பித்தார். அன்றிக் அடிகளாரோ, மக்கள் சொல்வது தமக்கு விளங்க வேண்டும், தாம் சொல்வது மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதையே தம் பணியின் அளவாகக் கொண்டார். சில திங்களிலேயே மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசலானார். 1549இல் இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில் சவேரியார் அவருடைய தமிழ்த்திறனைப் பாராட்டியுள்ளார்.

செவியால் கேட்ட பேச்சிலிருந்தே விதிகளைத் தொகுத்து, போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். கடற்கரை மக்களின் வழக்குச் சொற்களும் வினைவடிவங்களும் அதில் இடம்பெற்றன. நன்னூல் கற்ற புலவர் அதனைப் பிழை மலிந்தது என்றே கருதியிருப்பர். 2013இல் அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்துள்ளது. 16ஆம் நூற்றாண்டில் எளிய மக்கள் எவ்வாறு பேசினர் என்பதற்கு இன்று அதுவே அரியதொரு சான்று.

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. பதினாறே பக்கங்கள், எனினும் இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளால் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. அச்சுச் செலவிற்கு முத்துக்குளித்துறை மக்களே பொருளுதவி செய்தனர். 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கமும்’, 1586இல் ஏறத்தாழ 670 பக்கங்களில் ‘அடியார் வரலாறும்’ வெளிவந்தன.

தாமே வகுத்த அளவுகோலிலும் அவர் முழுமை எய்தவில்லை என்பதை நாம் மறைத்தல் தகாது. பொருள் திரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் மறைக்கலைச் சொற்கள் பலவற்றைப் போர்த்துக்கீசியமாகவே விட்டுவைத்தார். அச்சொற்களுக்கு நிகர் தேடும் பணி தத்துவ போதகர் போன்ற பின்னவர்க்கு எஞ்சியது. 1600இல் புன்னைக்காயலில் இறந்து தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய நூல்களையும் காலம் மறந்தது. 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சுப்பணியை மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவருடைய நூல்களின் அரிய படிகள் தொலைநாட்டு நூலகங்களில் உறங்கின.

இவ்வாழ்வை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? தன் வெற்றியைத் தானே வரையறுத்தல் என்றவுடன், தன் விருப்பமே தனக்குச் சட்டம் என்று பொருள்கொள்வோர் உளர். அத்தகைய கோல் எந்நாளும் நம்மைப் புகழ்ந்துகொண்டே இருக்கும்; திருத்தாது. அடிகளார் தம் கோலைத் தாமே தேர்ந்தார். அளக்கும் உரிமையையோ கரையோர மீனவரின் செவிக்கு அளித்தார். அச்செவி அவரை நாள்தோறும் திருத்தியது. ஒதுக்கியவர்களிடம் தம் தகுதியை மெய்ப்பிப்பதே அவர் நோக்கமாக இருந்திருப்பின், இந்த இலக்கணம் பிறந்திராது.

நாம் எதனைக்கொண்டு நம்மை அளக்கிறோம் என்பதோடு, அந்தக் கோலை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப்பார்த்தல் நன்று.